36 பேரை வரிசையாக வெளியேற்றியும் தோற்றுப்போனவர்

கேள்வி இதுதான்: பேஸ்பால் வரலாற்றில் அபாரமாகப் பந்து வீசியும் அதற்குரிய பலன் கிடைக்காமல் போனவர்கள் யார் யார்? அவர்களில் யாருக்கு நடந்தது பெரிய அநியாயம்?

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஹார்வி ஹாடிக்ஸ். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்காகச் சில விஷயங்கள்.

கிரிக்கெட்டில் அணி தோற்றால் அது அணியின் தோல்வி. ஸ்கோர்கார்டில் எந்த பவுலரின் பெயருக்கு எதிரிலும் 'தோல்வி' என்று எழுதுவதில்லை. பேஸ்பாலில் எழுதுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் ஒரு பிட்சரின் (பந்து வீசுபவரின்) கணக்கில் சேரும், தோல்வியும் இன்னொரு பிட்சரின் கணக்கில் ஏறும். ஆனால் பிட்சரால் செய்ய முடிந்தது எதிரணி ரன் எடுக்காமல் தடுப்பது மட்டுமே. தன் அணிக்கு ரன் வந்தால்தான் அவருக்கு வெற்றி, அந்த ரன்னோ பெரும்பாலும் மற்றவர்களின் மட்டையிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் கேட்கும் அநியாயங்கள் எல்லாமே இந்த இடைவெளிக்குள் விழுந்தவைதான்.

ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஆக, ஒரு அணியை முழுதாக அடக்க 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸையாவது பத்திரமாக அடைந்தால் அது ஹிட், நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ரன். எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தால் அது நோ-ஹிட்டர். அதைவிட உயர்ந்தது பர்ஃபெக்ட் கேம்: ஹிட் மட்டுமல்ல, வாக் (நான்கு பந்துகள் இலக்குக்கு வெளியே போனால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), ஃபீல்டர் தவறு என்று எந்த வழியிலும் ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கக் கூடாது. வந்த 27 பேரும் வந்த வழியே திரும்ப வேண்டும். இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான, 1959-இல் ஹாடிக்ஸ் ஆடிய நேஷனல் லீகில் அப்படியொரு ஆட்டம் கடைசியாக நடந்தது 1880-இல்.

1959 மே 26 இரவு, மில்வாக்கி நகரம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஹாடிக்ஸ் பந்து வீச வந்தார். வயது 33, இடதுகை, உருவத்தில் சிறியவர், பட்டப்பெயரே 'பூனைக்குட்டி'. அன்று காய்ச்சலும் சளியுமாக இருந்தார். எதிரில் மில்வாக்கி பிரேவ்ஸ். 1957, 1958 இரண்டு ஆண்டுகளும் லீகை வென்ற அணி. ஹாங்க் ஆரன், எடி மாத்யூஸ், ஜோ ஆட்காக் என்று பந்தைக் கிழிக்கும் மட்டையாளர்கள் அடுத்தடுத்து நின்றார்கள். ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில் யார் யாருக்கு எப்படி வீசப் போகிறேன் என்று ஹாடிக்ஸ் விளக்கினாராம். அதைக் கேட்ட மூன்றாவது பேஸ் ஃபீல்டர் டான் ஹோக், "நீ சொல்கிறபடியே வீசிவிட்டால் இன்றைக்கு நோ-ஹிட்டர்தான்" என்றாராம். இந்த ஹோக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாடிக்ஸ் சொன்னபடியே வீசினார். வேகப்பந்து, ஸ்லைடர் (கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகும் பந்து), பெரும்பாலும் இந்த இரண்டு மட்டுமே. 9 இன்னிங்ஸ் முடிந்தபோது 27 பேர் வந்து 27 பேரும் அவுட். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் சக வீரர்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். ஆனால் பைரேட்ஸும் ஒரு ரன் எடுக்கவில்லை. ஸ்கோர் 0-0. ஆட்டம் நீண்டது.

பைரேட்ஸ் அடிக்காமல் இல்லை, அதுதான் கொடுமை. பிரேவ்ஸ் பிட்சர் லூ பர்டெட்டின் பந்தில் அன்று மொத்தம் 12 ஹிட் அடித்தார்கள். பன்னிரண்டும் ஒற்றை பேஸ் ஹிட்கள். ஒன்றோடொன்று கோத்து ரன்னாக மாறவேயில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் ரோமன் மெஹியாஸ் முதல் பேஸிலிருந்து அவசரப்பட்டு மூன்றாவது பேஸுக்கு ஓடி அவுட் ஆனார். அடுத்த ஆளும் ஹிட் அடித்தார். மெஹியாஸ் இரண்டாவது பேஸிலேயே நின்றிருந்தால் அந்த அடியில் ரன் வந்திருக்கும். ஏழாவது இன்னிங்ஸில் பாப் ஸ்கின்னர் தூக்கி அடித்த பந்து வேலியைத் தாண்டும் போலப் போனது. எதிர்க்காற்று அதைப் பிடித்து நிறுத்தியது, வேலியோரத்தில் ஆரன் பிடித்துவிட்டார். அணியின் பெரிய மட்டையாளர் ராபர்ட்டோ கிளமென்ட்டி அன்று ஆடவேயில்லை.

10-வது இன்னிங்ஸ், மூவரும் அவுட். 11, 12, அதே கதைதான். 36 பேர் வந்தார்கள், 36 பேரும் திரும்பினார்கள், அவர்களில் 8 பேர் ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவே முடியாமல் அவுட். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, பெரிய லீகில் ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து 36 பேரை இப்படி வரிசையாக வெளியேற்றியவர் வேறு யாரும் இல்லை.

இன்னொரு செய்தி பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. பைரேட்ஸ் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஸ்மோக்கி பர்ஜஸ் கனத்த உடம்புக்காரர். சரியாகக் குந்தி உட்கார முடியாததால், பிட்சருக்கு அவர் விரலால் காட்டிய சைகைகள் தூரத்திலிருந்தே தெரிந்தன. மைதான ஓரத்தில் இருந்த பிரேவ்ஸ் பிட்சர்கள் அதைப் படித்து, ஒரு துண்டை இடம் மாற்றி வைத்து, அடுத்து வருவது எந்த வகைப் பந்து என்று தங்கள் மட்டையாளர்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னவர் அதே பிரேவ்ஸ் அணியின் பாப் பூல். என்ன பந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தும் அவர்களால் தொட முடியவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

13-வது இன்னிங்ஸ். முதல் ஆள் ஃபெலிக்ஸ் மன்டியா தரையோடு ஒரு சாதாரணப் பந்தை மூன்றாவது பேஸ் பக்கம் தட்டினார். ஹோக் அதை எடுத்தார், நேரமும் இருந்தது. ஆனால் முதல் பேஸுக்கு எறிந்த பந்து தாழ்ந்து போனது. மன்டியா தப்பினார். பர்ஃபெக்ட் கேம் அந்த இடத்தில் முடிந்தது, ஹாடிக்ஸ் பந்தால் அல்ல, ஹோக்கின் கையால். நோ-ஹிட்டர் மட்டும் இன்னும் மிச்சமிருந்தது. மாத்யூஸ் தன் விக்கெட்டைக் கொடுத்து மன்டியாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஆரனுக்கு வீசுவது ஆபத்து என்று வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அடுத்து ஆட்காக். ஸ்லைடர் ஒன்று கொஞ்சம் உயரமாக வந்தது. வலது-நடு வேலிக்கு மேலே பறந்தது.

பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், அடித்தவரும் பேஸ்களில் நிற்பவர்களும் சுற்றி வந்து ரன் எடுக்கலாம். மூன்று ரன் ஹோம் ரன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆரனோ, மன்டியா ஓடி முடித்ததும் ஆட்டம் முடிந்தது என்று எண்ணி, பாதி வழியில் விலகி நடக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் வந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் அவுட். லீகின் தலைவர் வாரன் ஜைல்ஸ் கடைசியில் தீர்ப்பு சொன்னார்: ஹோம் ரன் இல்லை, இரண்டு பேஸ் ஹிட். ஸ்கோர் 1-0. வென்ற அணிகூடத் தன் ரன்னை ஒழுங்காக ஓடி முடிக்காத இரவு அது. வெற்றி பர்டெட்டுக்கு, தோல்வி ஹாடிக்ஸுக்கு.

அன்று இரவே பர்டெட் எதிரணி அறைக்குத் தொலைபேசியில் அழைத்து, பேஸ்பாலில் இதுவரை யாரும் வீசாத ஆட்டத்தை நீ வீசினாய், நீ தோற்றது கொடுமை என்று ஹாடிக்ஸிடம் சொன்னதாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். அவரும் 13 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசியவர். அவர் வாயால் வந்த அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

அநியாயம் அத்தோடு நிற்கவில்லை. 32 ஆண்டுகள் கழித்து, 1991-இல், பேஸ்பால் நிர்வாகத்தின் புள்ளிவிவரக் குழு நோ-ஹிட்டருக்குப் புது இலக்கணம் எழுதியது. குறைந்தது 9 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை ஹிட் இருக்கக் கூடாது. ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் கொடுக்காத ஹிட்டை 13-வதில் கொடுத்தார் அல்லவா? பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது. 9 இன்னிங்ஸ் பர்ஃபெக்டாக வீசியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், 12 வீசியவர் இல்லை. செய்தி கேட்ட ஹாடிக்ஸ், பரவாயில்லை, நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும் என்றார். 1994-இல் காலமானார். விதி சீராக இருக்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பட்டியலில் அவருக்கென்று ஒரு வரி விட்டிருக்கலாம்.

அதே கத்தி சுமார் 50 ஆட்டங்களை வெட்டியது. 1917-இல் சிகாகோவில் ஃப்ரெட் டோனியும் ஹிப்போ வானும் எதிரெதிரே நின்று ஆளுக்கு 9 இன்னிங்ஸ் ஹிட்டே கொடுக்காமல் வீசினார்கள். 10-வதில் வான் தோற்றார். டோனியின் நோ-ஹிட்டர் நின்றது, வானுடையது போனது.

இன்னொருவர் ஆண்டி ஹாக்கின்ஸ். இவர் கதை முந்தையதற்கு நேர் எதிர்: அதிகமாக வீசியதால் அல்ல, குறைவாக வீசியதால் வெட்டப்பட்டவர். 1990 ஜூலை 1, சிகாகோவில் நியூயார்க் யாங்கீஸுக்காக வீசினார். எட்டாவது இன்னிங்ஸில் 2 அவுட் வரை 0-0. சாமி சோசா தட்டிய பந்தை மூன்றாவது பேஸ் ஃபீல்டர் சொதப்பினார். அடுத்த இருவருக்கும் ஹாக்கின்ஸ் வாக் கொடுத்தார், அது அவர் குற்றம்தான். எல்லா பேஸிலும் ஆள். ராபின் வென்ச்சுரா இடது பக்கம் தூக்கி அடித்தார். அங்கே நின்றவர் ஜிம் லெய்ரிட்ஸ், வழக்கமாக அந்த இடத்தில் ஆடுபவர் அல்ல. பந்து அவர் கையுறையில் பட்டு நழுவியது. மூன்று ரன். அடுத்த பந்து வலது பக்கம் உயர்ந்தது, அங்கே ஜெஸ்ஸி பார்ஃபீல்ட் தவறவிட்டார். நான்கு ரன். ஒரு ஹிட் கூட இல்லாமல் 4-0 தோல்வி. சிகாகோ முன்னிலையில் இருந்ததால் அவர்கள் ஒன்பதாவது முறை மட்டை பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஹாக்கின்ஸ் வீசியது 8 இன்னிங்ஸ்தான். அவரிடம் கேட்டதை முழுவதும் வீசிக் கொடுத்தார். மறு ஆண்டு விதி வந்ததும் நோ-ஹிட்டரும் போயிற்று.

அடுத்த ஆட்டத்தில் அவர் 11 இன்னிங்ஸுக்கு மேல் ரன்னே கொடுக்காமல் வீசி, 12-வதில் 2-0 என்று தோற்றார். அதற்கடுத்த ஆட்டத்தில் எதிரில் வீசிய மெலிடோ பெரஸ், மழையால் நின்றுபோன 6 இன்னிங்ஸில் யாங்கீஸுக்கு ஒரு ஹிட் கூடத் தரவில்லை. இரண்டு வாரத்துக்குள் இவ்வளவும்.

9 இன்னிங்ஸும் தானே வீசி, ஹிட்டே கொடுக்காமல் தோற்றவர் பெரிய லீகில் ஒரே ஒருவர்தான்: ஹூஸ்டனின் கென் ஜான்சன், 1964 ஏப்ரல் 23, சின்சினாட்டிக்கு எதிராக. ஒன்பதாவது இன்னிங்ஸில் பீட் ரோஸ் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். ஜான்சனே எடுத்து எறிந்தார், எறிந்தது தவறியது. ரோஸ் இரண்டாவது பேஸ். அடுத்த அவுட்டில் மூன்றாவது பேஸ். பிறகு வந்த எளிய பந்தை அனுபவசாலியான நெல்லி ஃபாக்ஸ் கோட்டைவிட்டார். 1-0. இதில் ஜான்சனுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் ஹாடிக்ஸுக்குக் கீழே வைக்கிறேன்.

யாரும் அதிகம் பேசாத ஒருவரையும் சொல்லியாக வேண்டும். 1965 செப்டம்பர் 9, லாஸ் ஏஞ்சலிஸில் சாண்டி கோஃபாக்ஸ் 14 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கி பர்ஃபெக்ட் கேம் வீசினார். புகழ்பெற்ற இரவு. எதிரில் சிகாகோ கப்ஸுக்காக வீசியவர் பாப் ஹென்ட்லி. அவர் கொடுத்தது ஒரே ஒரு ஹிட், அதில் ரன்னும் வரவில்லை. ரன் வந்தது ஐந்தாவது இன்னிங்ஸில்: லூ ஜான்சனுக்கு ஒரு வாக், ஒரு தட்டலில் இரண்டாவது பேஸ், அங்கிருந்து மூன்றாவது பேஸைத் திருடினார் (பந்து அடிக்கப்படாமலே ஓடிச் சேர்ந்தார்), அவரைப் பிடிக்க கேட்சர் எறிந்த பந்து வெளியே ஓடியது. ஹிட்டே இல்லாத ரன். மொத்த ஆட்டத்திலும் இரு அணிகளுக்கும் சேர்த்து ஒரு ஹிட், 1-0. வேறு எந்த இரவிலும் ஹென்ட்லி வென்றிருப்பார். ஐந்து நாள் கழித்து சிகாகோவில் அதே கோஃபாக்ஸை எதிர்த்து வீசி 2-1 என்று ஜெயித்தார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி.

இனி எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆர்மாண்டோ கலராகா. பலர் இவரைத்தான் முதலிடத்தில் வைப்பார்கள். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். வெனிசுவேலாக்காரர், 28 வயது, சில வாரங்களுக்கு முன்புதான் கீழ் லீகிலிருந்து அழைத்துவரப்பட்டவர். கிளீவ்லாந்தின் 26 பேரை வரிசையாக வெளியேற்றினார். 27-வது ஆள் ஜேசன் டொனால்ட் தரையோடு அடித்தார். முதல் பேஸ் ஃபீல்டர் மிகெல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகாவே ஓடிப்போய் பேஸை மிதித்துப் பிடித்தார். டொனால்டின் கால் அதற்குப் பிறகுதான் வந்தது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்தார்: அவுட் இல்லை.

மைதானமே அலறியது. கலராகா சிரித்தார். கோபச் சிரிப்பு அல்ல, நம்ப முடியாத ஒருவரின் சின்னப் புன்னகை. திரும்பி நடந்து, அடுத்த ஆளையும் அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். மொத்தம் 88 பந்துகள், 3-0 வெற்றி. ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் உடைந்துபோனார். அந்தப் பையனின் பர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார், கலராகாவைப் பார்த்துக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். குறையில்லாத மனிதன் யாருமில்லை என்று கலராகா சொன்னார். மறுநாள் ஜாய்ஸ்தான் தலைமை அம்பயர். அணியின் பெயர்ப் பட்டியலை அவரிடம் கொடுக்க மேனேஜர் ஜிம் லேலண்ட் கலராகாவையே அனுப்பினார். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டே அதை வாங்கினார். தீர்ப்பை மாற்ற ஆணையர் பட் செலிக் மறுத்தார். 2014 முதல் இப்படிப்பட்ட தீர்ப்புகளை வீடியோ பார்த்துத் திருத்தும் முறை விரிவானது. கலராகாவுக்கு அது நான்கு ஆண்டு தாமதம்.

ஆனாலும் அவரை நான் இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். அவருக்குப் பட்டம் கைநழுவியது, வெற்றி கிடைத்தது. அன்று அவர் அடைந்த மரியாதையோ எந்தப் பட்டத்திலும் இல்லாதது. ஹாடிக்ஸுக்கு இரண்டுமே இல்லை.

தனி ஆட்டங்களை விட்டு முழுப் பருவத்தைப் பார்த்தாலும் இதே கதை உண்டு. 1987-இல் 40 வயது நோலன் ரயன் 270 ஸ்டிரைக் அவுட், சராசரியாக 9 இன்னிங்ஸுக்கு 2.76 ரன் மட்டுமே, இரண்டிலும் லீகில் முதலிடம். அவர் கணக்கில் 8 வெற்றி, 16 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் கிடைக்கவில்லை. 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 1.70 சராசரியோடு வீசியும் 10 வெற்றி, 9 தோல்விதான். ஆனால் இம்முறை விருதுக்கு வாக்களித்த 30 பேரில் 29 பேர் அவருக்கே முதலிடம் தந்தார்கள். பிட்சரை வெற்றி எண்ணிக்கையால் அளக்கக் கூடாது என்பது மெல்ல உறைக்கத் தொடங்கியிருக்கிறது. 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ரிச் ஹில் 9 இன்னிங்ஸ் ஹிட் கொடுக்காமல் வீசி, 10-வதில் ஒரே ஹோம் ரன்னில் 1-0 என்று தோற்றதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பர்ஃபெக்ட் கேமும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஃபீல்டர் தவறால்தான் உடைந்தது. எதிரணி, ஹாடிக்ஸின் அதே பிட்ஸ்பர்க்.

ஹாடிக்ஸின் கதையில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. மில்வாக்கி இரவுக்கு மறு ஆண்டு, 1960 அக்டோபர் 13, பிட்ஸ்பர்கில் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரில் யாங்கீஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் 9-7 என்று முன்னிலை. முதல் இரண்டு பேரும் ஹிட் அடித்ததும் ஹாடிக்ஸை அழைத்தார்கள். அவர் 3 அவுட் எடுத்தார், ஆனால் அதற்குள் யாங்கீஸ் இரண்டு ரன் எடுத்து 9-9 என்று சமன் செய்துவிட்டார்கள். மில்வாக்கியில் அவருக்குப் பின்னால் இரண்டாவது பேஸில் நின்ற அதே பில் மாஸரோஸ்கி, அடுத்த பாதியில் முதல் ஆளாக வந்து, இடது வேலிக்கு மேல் ஹோம் ரன் அடித்தார். பைரேட்ஸ் உலகச் சாம்பியன். அந்த நேரத்தில் அணியின் பிட்சராக இருந்தவர் என்ற கணக்கில், புத்தகத்தில் வெற்றி ஹார்வி ஹாடிக்ஸ் பெயரில் எழுதப்பட்டது. வீசியது ஒரே ஒரு இன்னிங்ஸ்.